மூசாவோட தோழி, எல்லார் வீட்டுக்கும் மகள்

சன் டிவியில் 'மை டியர் பூதம்' பார்த்து வளர்ந்தவர்களுக்கு மூசாவை மறக்காது. அந்தப் பிள்ளைகள் கூட்டத்தில் கௌரியாக வந்த பொண்ணு யாருன்னு கேட்டால் பலரும் யோசிப்பார்கள். நிவேதா தாமஸ்தான் அது. சென்னையில் வளர்ந்த மலையாளப் பெண். 2008இல் 'வெறுதே ஒரு பார்யா' படத்துக்காகக் கேரள அரசின் சிறந்த குழந்தை நட்சத்திர விருதும் வாங்கியாச்சு.

அதற்கப்புறம் தமிழ்ப்படங்களில் அவருக்குக் கிடைத்ததைப் பாருங்க. 'குருவி'யில் (2008) விஜய்க்குத் தங்கச்சி. ஆறு வருஷம் கழித்து, நம்ம மதுரைக் கதையான 'ஜில்லா'விலும் விஜய்க்குத் தங்கச்சி. 'பாபநாசத்தில்' (2015) கமலுக்கு மகள், 'தர்பாரில்' (2020) ரஜினிக்கு மகள். நடுவில் 'போராளி' மாதிரி ஒன்றிரண்டு உண்டு. ஆனாலும் பெரிய படம் என்றால் வீட்டுப்பிள்ளை வேஷம்தான்.

குழந்தை நட்சத்திரம் என்றாலே இப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது. எங்க சோழவந்தானுக்கு அக்கரையில் இருக்கிற தென்கரைக்காரர் டி.ஆர்.மகாலிங்கம், 1938இல் 'நந்தகுமார்' படத்தில் சின்னக் கிருஷ்ணன். 1945இல் 'ஸ்ரீவள்ளி'க்கு நாயகன். சரி, அவர் ஆண்பிள்ளை. மீனா? 'அன்புள்ள ரஜினிகாந்த்' (1984) படத்தில் ரஜினியிடம் ஒட்டிக்கொண்ட குழந்தை, 1993இல் 'எஜமான்' படத்தில் அதே ரஜினிக்கு மனைவி. இன்றைக்கு நினைத்தால் கொஞ்சம் சங்கடமாத்தான் இருக்கு.

அதனால், ரஜினிக்கு நிவேதாவை மகளாகப் போட்டதில் எனக்குக் குறையே இல்லை. வயசுக்குப் பொருத்தம். அந்த மகளுக்கு என்ன வேலை கொடுத்தார்கள் என்பதுதான் கேள்வி. 'தர்பாரில்' அப்பாவும் மகளும் பேசிக்கொள்ளும் இடங்கள் படத்திலேயே உயிருள்ளவை. ஆனால் அவள் செத்தால்தான் அப்பாவுக்குக் கோபம் வரும், கோபம் வந்தால்தான் சண்டை. பொண்ணு வெறும் தீக்குச்சி.

'பாபநாசம்' செல்வி அப்படியில்லை. அடித்தது அவள் கை. கமல் கட்டும் அத்தனை பொய்யும் அவள் வாயைத் திறக்காமல் இருப்பதில் நிற்கிறது. போலீஸ் விசாரணையில் நிவேதாவைக் கவனிங்க: அழுகையைப் பெரிசாக்கவே மாட்டார். கேள்வி கேட்கிறவரைப் பார்ப்பதா, அப்பாவைப் பார்ப்பதா என்று தடுமாறுகிற அந்தக் கண்தான் நம்மைப் பயப்பட வைக்கிறது. கடைசியில் உடைவது தங்கச்சி (எஸ்தர் அனில்), செல்வி இல்லை. கமல் படம் என்றே அதைப் பேசி முடித்துவிட்டோம்.

தெலுங்குக்காரர்களுக்கு இவர் யாருக்கும் தங்கச்சி என்ற நினைப்பு கிடையாது. 'ஜென்டில்மேன்' (2016), 'நின்னு கோரி' (2017) என்று நானிக்கு ஜோடியாக நிற்க வைத்தார்கள். பிறகு 2024இல் '35 சின்ன கத காது'. திருப்பதியில் கணக்கு வராத ஒரு பையன், பத்தாவது தேறாத அம்மா. பூஜ்யத்துக்கு மதிப்பே இல்லை என்றால் ஒன்றுக்குப் பக்கத்தில் வந்ததும் எப்படிப் பத்தாகிறது என்று பையன் கேட்கிறான். யாரிடமும் சரியான பதில் இல்லை. அவனுக்காக அம்மா கணக்குப் படிக்கிறாள்.

முப்பதைத் தொடும் முன்பே ரெண்டு பையன்களுக்கு அம்மாவாக நடிக்க நம்மூர் நாயகிகள் யோசிப்பார்கள். இவர் அதைக் கனமே இல்லாமல் செய்கிறார். பிள்ளை பேசும்போது குறுக்கே போகாமல், அவன் சொல்வது நிஜமாகவே தனக்குப் புரியவில்லை என்கிற முகத்தோடு கேட்கிறார். பூதத்தோடு பேசிப் பழகிய பொண்ணுக்கு இதெல்லாம் எந்த மூலைக்கு! அந்தப் படத்துக்குத் தெலங்கானா அரசின் கத்தர் விருது, சிறந்த நடிகை. கௌரியாக இவரை முதலில் பார்த்த நாம்தான் இன்னும் 'தர்பார்' மகள் என்றே அடையாளம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.