கரிச்சுரங்கத் தொழிலாளியின் மகள்: நினைவும் உழைப்பும்

அமெரிக்காவின் 'கன்ட்ரி' இசை கேட்போரை இளமைக் காலத்துக்கு மீட்டுச் செல்லும் ஆற்றல் வாய்ந்தது. ஆயின், அவ்வாறு மீட்கையில் பழைய வறுமைக்கு அழகூட்டிவிடுவதும் உண்டு. 1970இல் வெளிவந்த லொறெற்றா லின்னின் 'கோல் மைனர்ஸ் டோட்டர்' என்னும் பாடல் இவ்வகையில் வேறுபட்டது. 1932இல் கென்ரக்கி மாநிலத்தின் மலைப்புறத்திலே பிறந்த லின், தம் பிள்ளைப் பருவத்தை நினைவுகூர்கையில், தந்தை அள்ளிய கரியையும் துணி வெளுத்துப் புண்பட்ட தாயின் விரல்களையும் மறைக்கவில்லை. கேட்போர் தத்தம் பெற்றோரின் உழைப்பை எண்ணிப் பார்ப்பதற்கு இவ்விவரங்களே ஏதுவாகின்றன. எனினும், அவ்வுழைப்பு வறுமையையே ஈட்டியது ஏன் என்று பாடல் வினவவில்லை. அன்பும் பெருமிதமும் அவ்வினாவின் இடத்தை நிரப்பிவிடுகின்றன. ஏக்கம் நினைவை எழுப்பவல்லது. அதனை விளக்குதற்கு ஏக்கம் மட்டும் போதாது.