அச்சில் வார்த்த விளக்குகள்

திருகோணமலைத் துறைமுகத்தைப் பாடும் நமது கவிதைகளில் யவன மரக்கலம் வந்தால் யவன விளக்கும் கூடவே வந்துவிடுகிறது. தொன்மையைச் சொல்லிப் பெருமைப்படுவதில் தவறில்லை. ஆனால் அது எந்த விளக்கு என்று கவிஞர்கள் கேட்டுக்கொள்வதில்லை.

நெடுநல்வாடையில் யவனர் செய்த பாவை விளக்கு நெய் வார்த்து எரிகிறது. அது அரண்மனைக்குரியது. உரோமானிய எளிய மக்கள் எரித்ததோ உள்ளங்கையில் அடங்கும் மண் விளக்கு. 1944இல் மோர்டிமர் வீலர் புதுச்சேரியில் பார்த்த அரிக்கமேட்டுப் பொருட்களுள், சாடித் துண்டுகளோடு அத்தகைய விளக்கொன்றின் உடைந்த பகுதியும் இருந்தது. மறு ஆண்டு அவர் அங்கு அகழாய்வு நடத்தினார்.

அவ்விளக்குகளை மேல் பாதி, கீழ் பாதி என ஈரச்சுகளில் அழுத்தி ஒட்டிச் சுட்டார்கள். மேல் வட்டத்தில் வாட்போர் வீரர், விலங்கு, தெய்வம் என்று சித்திரங்கள். எண்ணெய் வார்க்கும் துளை பல வேளைகளில் சித்திரத்தையே குடைந்துகொண்டு போகும். அழகைவிட எரிவதே முக்கியம் என்று குயவனுக்குத் தெரிந்திருந்தது.

விற்பனையான விளக்கையே மாதிரியாக்கி அதிலிருந்து புதிய அச்செடுப்பதும் வழக்கம். சுடும்போது களிமண் சுருங்குவதால் ஒவ்வொரு தலைமுறைப் பிரதியும் சிறுத்தது, சித்திரம் மழுங்கியது. வட இத்தாலியின் ‘ஃபோர்ட்டிஸ்’ என்ற பட்டறைப் பெயர்கூட அடிப்புறத்தில் அப்படியே பிரதியாகி மாகாணங்கள் தோறும் பரவியது.

நமது கவிதையின் விளக்கும் இன்று இப்படிப் பிரதிக்குப் பிரதி எடுத்ததுதான். ‘ஒளி’, ‘இருள்’, ‘திரி’ என்ற சொற்கள் ஒருவர் அச்சிலிருந்து மற்றவர் அச்சுக்குப் போய் மழுங்கிவிட்டன. 2004 கடற்கோளில் கிண்ணியா சிதைந்தது. 2006இல் மூதூர் மக்கள் கந்தளாய்க்கு இடம்பெயர்ந்தார்கள். இவ்விரண்டையும் பாடிய கவிதைகளிலும் அதே விளக்கு, அதே புயலில், அதே விதமாக அணைகிறது. ஊர்ப் பெயரை மாற்றினால் எந்த அழிவுக்கும் பொருந்தும் கவிதை, அந்த மக்களுக்குச் சாட்சியாகாது.

அகதி முகாமின் குப்பி விளக்கை எழுதுங்கள். மண்ணெண்ணெயை யார் தந்தார், திரிக்கு எந்தச் சேலை கிழிந்தது, அவ்வெளிச்சத்தில் யார் யாரைத் தேடினார் என்பதை எழுதுங்கள். அந்த அச்சை நாம்தான் முதலில் செய்ய வேண்டியிருக்கிறது.