வானுயர் கட்டிடங்களும் புகைப்படக் கருவியும்
நியூயோர்க் நகரப் படங்கள் சில பற்றிய ஒரு நோக்கு

எமது இலக்கிய விமரிசனத்திலே ‘புகைப்படம்’ என்னும் சொல் விசித்திரமானதொரு வாழ்வைப் பெற்றுள்ளது. ஒரு சிறுகதையைப் போற்ற விரும்புவோர், அது வாழ்க்கையை அப்படியே படம்பிடித்துக் காட்டுகிறது என்பர். இகழ விரும்புவோர், அது வெறும் புகைப்படப் பிரதி, கலையன்று என்பர். இயற்பண்புவாதத்தை யதார்த்தவாதத்தினின்றும் வேறுபடுத்த முயன்ற வேளைகளில் நாமும் இவ்வுவமையைக் கூச்சமின்றிக் கையாண்டதுண்டு. போற்றுவோர்க்கும் இகழ்வோர்க்கும் பொதுவான எடுகோள் ஒன்றுண்டு: கருவி தன் முன்னே நிற்பதை நிற்கிறபடியே எடுத்துக்கொள்கிறது என்பதே அது. இவ்வெடுகோள் எவ்வளவு தூரம் சரியானது என்பதை, மாநகரொன்றின் புகழ்பெற்ற கட்டிடங்களையும், வானை எல்லையாகக் கொண்டு தோன்றும் அவற்றின் வரிசையையும் காட்டும் படங்களைக் கொண்டு நோக்குவதே இங்கு எமது எண்ணம். நியூயோர்க்கை நாம் தெரிந்தமைக்குக் காரணம் வெளிப்படை. உருக்குச் சட்டகத்தின்மீது எழுந்த உயர்ந்த கட்டிடமும் கையாளுவதற்கு இலகுவான புகைப்படக் கருவியும் அந்நகரில் ஏறத்தாழ ஒரே காலத்தில் பெருகின.

நகரின் வான்விளிம்பைப் படமெடுக்க விரும்புபவர் முதலிற் செய்யவேண்டியது நகரை விட்டு விலகுவதாகும். ஆற்றைக் கடந்து புறூக்ளின் கரைக்கோ நியூ ஜேர்சிக் கரைக்கோ செல்லவேண்டும். அன்றேல் இன்னொரு கோபுரத்தின் உச்சிக்கு ஏறவேண்டும். விலகியதும் இரைச்சல் மறைகிறது, தெரு மறைகிறது, மனிதர் மறைகின்றனர். எஞ்சுவது வடிவம். உச்சிக்கு ஏறுவதும் எல்லார்க்கும் இயல்வதொன்றன்று. அல்பிரட் ஸ்ரீக்லிற்ஸ் 1930களின் முற்பகுதியிலே தாம் தங்கியிருந்த ஷெல்ற்றன் விடுதியின் உயர்ந்த சாளரங்களிலிருந்து நகரத்தைப் படமெடுத்தார். அழகான படங்கள், ஆயின், அந்தச் சாளரம் வாடகைக்குப் பெறப்பட்ட சாளரம் என்பதை மறத்தலாகாது.

அவரது முந்திய படமொன்று இன்னும் புகழ்பெற்றது. ஃபிளற்அயன் கட்டிடம் 1902இல் நிறைவெய்தியது. 1903ஆம் ஆண்டு மாரிகாலத்தில், பனி பெய்திருந்த வேளையில், கிளை பிரிந்த மரமொன்றை முன்னிறுத்தி ஸ்ரீக்லிற்ஸ் அதனைப் படமெடுத்தார். இருபது மாடிகளுக்கு மேற்பட்ட அக்கட்டிடம் அப்படத்திலே எடையற்று, மென்சாம்பல் நிறத்தில், முன்னேறிவரும் கப்பலின் முகப்பைப் போலத் தோன்றுகிறது. இவ்வழகை மறுப்பது விமரிசகனின் வேலையன்று. எனினும் அம்முக்கோண வடிவம் எங்கிருந்து வந்தது? புறோட்வே ஐந்தாம் அவெனியூவைச் சாய்வாக வெட்டுமிடத்தில் எஞ்சிய கூரிய நிலத்துண்டு அது. நிலத்தின் விலை அதன் ஓர் அடியையும் வீணாக்க இடந்தரவில்லை. நிலவாடகையின் வடிவமே கட்டிடத்தின் வடிவமாயிற்று. படத்திலோ அது பனியிலிருந்தும் மரத்திலிருந்தும் தானே முளைத்ததுபோல் இயற்கையோடு இயற்கையாகி நிற்கிறது. மனிதரிடையேயான உறவு பொருள்களின் பண்பாகத் தோற்றங்கொள்ளும் நிலையை மார்க்ஸ் பண்டத்தை ஆராயுமிடத்து விளக்கினார். அவ்விளக்கத்திற்கு இதனிலும் சிறந்த சித்திரம் கிடைப்பது அரிது.

பன்னிரண்டு ஆண்டுகளின் பின், 1915இல், போல் ஸ்ட்ராண்ட் வோல் வீதியிலே எடுத்த படம் இதற்கு நேரெதிரானது. மோர்கன் வங்கி இல்லத்தின் பெருஞ்சுவர், அதிலே இருண்ட பள்ளங்களாகத் தோன்றும் சாளரங்கள், அவற்றின் கீழே நீண்ட நிழல்களோடு நடந்து செல்லும் சிறிய மனிதர். கூரை தெரியவில்லை, வானமும் இல்லை. இங்கு ஓர் உண்மை எம்மைச் சிந்திக்கவைக்கின்றது. அவ்வங்கி இல்லம் உயர்ந்த கட்டிடமன்று. நகரின் மிக விலைகூடிய நிலங்களில் ஒன்றின்மீது, அண்டையிலுள்ளவை எல்லாம் வானை நோக்க, அது வேண்டுமென்றே தாழ்ந்து நின்றது. உயரம் வாடகை தேடுவோர்க்குத் தேவை, அவ்வில்லத்திற்குத் தேவைப்படவில்லை. ஆகவே, ஆற்றின் அக்கரையிலிருந்து எடுக்கப்படும் எந்தப் படத்திலும் நிதிமூலதனத்தின் அந்த மையம் தெரியப்போவதில்லை. தொழிற்சாலையொன்றின் புகைப்படம் அங்கு நிலவும் உறவுகள் பற்றி ஏறத்தாழ எதனையும் சொல்வதில்லை என்று பிறெக்ற் கருதினார். வால்ரர் பெஞ்சமின் 1931இல் புகைப்பட வரலாறு பற்றி எழுதிய கட்டுரையிலே அக்கருத்தை எடுத்தாண்டார். வான்விளிம்புப் படத்திற்கு அது இருமடங்கு பொருந்தும்.

இவ்விடத்தில் எம்மவரிடமிருந்து எழக்கூடிய விடையை நாம் அறிவோம். ‘தொழிலாளியைப் படத்துக்குள் கொண்டுவாருங்கள், குறை தீர்ந்துவிடும்’ என்பதே அவ்விடை. நாவல் விமரிசனத்திலும் இதே விடையை நாம் பலகாலம் கூறிவந்துள்ளோம். அது போதுமானதா?

லூயிஸ் ஹைன் ஐயத்திற்கிடமற்ற மனிதநேயர். 1908ஆம் ஆண்டு தொடக்கம் பஞ்சாலைகளிலும் சுரங்கங்களிலும் உழைத்த சிறுவரைப் படமெடுத்து, சிறுவர் உழைப்புக்கு எதிரான இயக்கத்துக்கு ஆதாரம் திரட்டித் தந்தவர். அப்படங்களோடு சிறுவரின் பெயர், வயது, வேலை முதலிய விபரங்களையும் அவர் குறித்து வைத்தார். அவரையே 1930இல் எம்பயர் ஸ்டேற் கட்டிட நிருமாணத்தைப் படமெடுக்க அமர்த்தினர். 102 மாடிகளைக் கொண்ட அக்கட்டிடம் 1930 மார்ச்சில் தொடங்கி 1931 மே முதலாந் திகதி திறக்கப்பட்டது. உத்தரத்தின் மேலும் கம்பியின் மேலும் நின்று வேலைசெய்வோரை அவர் அச்சமின்றி அணுகி எடுத்தார். உழைப்பின் மாண்பு அப்படங்களில் உண்டு. ஆனால் அவற்றுள் மிகப் புகழ்பெற்ற படத்தின் பெயரைக் கவனியுங்கள்: ‘இக்காரஸ்’. பெயர், வயது, வேலை என எழுதியவரின் படத்திலே கிரேக்கப் புராணத்தின் பெயர் வந்து அமர்ந்துவிட்டது. அவ்விளைஞனின் சொந்தப் பெயர் இல்லை, கூலி இல்லை. இக்காரஸ் விழுந்து மாண்டவன். அந்நிருமாணத்தில் இறந்தோர் அதிகாரபூர்வமான கணக்கின்படி ஐவர்.

மற்றப் படத்தை வாசகர் யாவரும் அறிவர். பதினொரு தொழிலாளர் அந்தரத்தில் ஓர் உத்தரத்தின்மீது வரிசையாக அமர்ந்து, கால்களைத் தொங்கவிட்டவாறு மதிய உணவு உண்கின்றனர். றொக்பெல்லர் நிலையத்தின் 69ஆம் மாடியில் 1932 செப்ரெம்பர் 20ஆந் திகதி எடுக்கப்பட்டது. பாட்டாளி வர்க்கத்தின் துணிவுக்குச் சான்றாக இதனை எடுத்துக்காட்டும் தோழர்கள் உளர். உண்மையில் அது கட்டிடத்தின் விளம்பரத்துக்காகத் திட்டமிட்டு எடுக்கப்பட்டது. அமர்ந்திருந்தோர் மெய்யான இரும்புவேலைத் தொழிலாளரே, உயரமும் மெய்யானதே. பெருமந்தத்தின் கொடிய ஆண்டிலே, வேலையற்றோர் தெருவில் வரிசையில் நிற்க, உயரத்தில் பதினொருவர் அமைதியாக உண்ணும் காட்சி எவருக்கு வேண்டியிருந்தது என்பதே கேள்வி. எடுத்தவர் யார் என்பது இன்றும் தீர்ந்தபாடில்லை. அமர்ந்தோருட் பெரும்பாலோரின் பெயரும் நிலைநாட்டப்படவில்லை. உரிமையாளரின் பெயர் மட்டும் நிலையத்துக்கே பெயராக நிற்கிறது. 2023 டிசெம்பரிலே அதே கட்டிடத்தின் பார்வைத் தளத்தில் ஓர் உத்தரம் அமைக்கப்பட்டது. பணஞ்செலுத்திய உல்லாசப் பயணி இடுப்புப் பட்டியோடு அதில் அமர்கிறார். உத்தரம் மேலெழுந்து திரும்புகிறது. பின்னணியில் வான்விளிம்பு தெரியப் படம் எடுக்கப்படுகிறது. தொழிலாளி படத்துக்குள் வந்தான்; பின்னர் அவன் இருந்த இடமும் விலைப்பட்டது.

அதே 1932இல் பேர்ணீஸ் அபொற் அந்நிலையத்தின் அத்திவாரக் குழியைப் படமெடுத்தார். வெட்டுண்ட பாறையும் பாரந்தூக்கிகளும் தெரிகின்றன. பாரிஸிலே அற்ஜேயின் பழந்தெருப் படங்களைக் கண்டு, அவர் 1927இல் இறந்தபின் அவற்றை அழியாது காத்தவர் அபொற். அவர் எடுத்த இரவுக்காட்சி ஒன்று எமது பொருளுக்கு மிக முக்கியமானது. எம்பயர் ஸ்டேற் கட்டிடத்தின் உயரத்திலிருந்து கீழ்நோக்கி எடுக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான சாளரங்கள் ஒளிர்கின்றன. முதற்பார்வையில் இதுவும் மினுக்கும் படமே. ஆனால் அதனை எடுத்த முறையை அவரே பின்னர் விளக்கியுள்ளார். தட்டு ஒளியேற்கப் பதினைந்து நிமிடம் வேண்டும். வானம் இருண்டிருக்கவேண்டும், சாளரங்களில் விளக்கு அணையாதிருக்கவும் வேண்டும். அலுவலகங்களிலுள்ளோர் மாலை ஐந்து மணிக்கு விளக்கணைத்துப் புறப்படுவர். ஐந்து மணிக்கு முன் இருட்டுவது ஆண்டின் மிகக் குறுகிய பகலையொட்டியே. ஆகவே டிசெம்பர் 20ஐ ஒட்டிய ஒரு மாலையை அவர் தெரிந்தெடுத்தார். அந்நகரின் ஒளி நகரின் ஒளியன்று. எழுதுவினைஞரதும் தட்டெழுத்தாளரதும் இன்னும் முடியாத வேலைநாள் அது. ஐந்தடித்ததும் அழகு கலைந்துவிடும்.

இதனைப் படம் தானே சொல்கிறதா? இல்லை, நாமும் அவரது விளக்கத்தை வாசித்த பின்னரே கண்டோம். பல ஆண்டுகள் அப்படத்தை வெறும் அழகாகவே பார்த்திருந்தோம் என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். அப்படியாயின் படம் உரைக்கு எடுத்துக்காட்டு மட்டுந்தானா என உருவவாதிகள் கேட்கலாம். அன்று. ‘எக்ஸ்சேஞ் பிளேஸ்’ படத்திலே இரு சுவர்களுக்கிடைப்பட்ட வெடிப்பைப் போலத் தெரு ஒடுங்கி, அடியில் மக்கள் புள்ளிகளாவதற்கு எவ்வுரையும் வேண்டியதில்லை. ஆயினும் யாருடைய நிலம், யாருடைய வாடகை என்ற வினாக்களை ஒளியும் நிழலும் எழுப்பலாமேயன்றி அவற்றிற்கு விடை பகர இயலாது.

இதனை அபொற்றும் அவரது துணைவியான கலைவிமரிசகர் எலிசபெத் மக்கோஸ்லண்டும் நன்கறிந்திருந்தனர். 1935 முதல் அரசின் கலைத்திட்ட உதவியோடு எடுக்கப்பட்ட படங்களை, ‘மாறும் நியூயோர்க்’ என்னும் நூலாக்க, நகரின் சமூக முரண்பாடுகளைச் சுட்டும் குறிப்புகளை மக்கோஸ்லண்ட் எழுதினார். 1939இல் உலகக் கண்காட்சி நியூயோர்க்கில் நடைபெறவிருந்தது. வருவோர்க்கு வழிகாட்டி தேவைப்பட்டது. வெளியீட்டாளர் குறிப்புகளை வெட்டி, கட்டிய ஆண்டு, மாடி, முகவரி என்றவாறான தகவல்களாக மாற்றினர். 97 படங்களோடு நூல் வெளிவந்தது. எடுக்கப்பட்டபோது வினாக்களாக இருந்த படங்கள், பார்க்கவேண்டிய இடங்களின் பட்டியலாயின. 

வெட்டப்பட்ட மூலக் கைப்பிரதி 2020இலேதான் நூலுருப் பெற்றது. இரவுக்காட்சியோ இடையறாது சுவர்ப்படமாக விற்பனையாகி வந்துள்ளது. நாம் கண்ட பிரதிகளில் தலைப்பு, ஆண்டு, எடுத்தவர் பெயர் மூன்றும் உள்ளன. ஐந்து மணி பற்றிய குறிப்பு எதிலும் இல்லை.