பில்ற்டவுண் மண்டையோடு

பட்டம் பெறாதார் உயிர்ச்சுவடுகளைப் பற்றிக் கூறுவனவெல்லாம் போலி விஞ்ஞானமே என்பதற்குப் பில்ற்டவுண் மண்டையோட்டினை உதாரணங் காட்டுவார் பலர். அவ்வுதாரணம் அவர் கருதிய முடிவுக்குத் துணைசெய்வதன்று.

இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியிலே பிரக்கிராசித் தொழில் புரிந்தவர் சாள்ஸ் டோசன். சரளைக்குழி யொன்றிற் கிடைத்தனவென்று சில மண்டையோட்டுத் துண்டுகளை அவர் பிரித்தானிய நூதனசாலையைச் சேர்ந்த ஆதர் சிமித் வூட்வார்ட்டிடம் கொடுத்தார். பின்னர் இருவரும் அகழ்ந்தபோது தாடையெலும்பின் வலப்பாதியும் வெளிப்பட்டது. மனிதனின் மண்டையும் குரங்கின் தாடையும் ஒருங்கமைந்த இவ்வுரு 1912 திசெம்பர் 18 இல் இலண்டன் புவிச்சரிதவியற் கழகத்தில் அறிமுகமாயிற்று. டோசனின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது.

ஈண்டு நாம் நோக்கவேண்டியது ஒன்றுண்டு. தாடை அம்மண்டைக்குரியதா என்பதைத் துணியவல்ல மூட்டுமுனை உடைந்திருந்தது, நாடிப்பகுதியும் அவ்வாறே. சாட்சி சொல்ல வேண்டிய உறுப்புகள் மாத்திரம் காணாமற் போதல் எத்துணை விந்தை! உடற்கூற்றறிஞர் டேவிட் வாட்டர்ஸ்ரன் 1913 இலேயே, மண்டை மனிதனது, தாடை குரங்கினது என்றார். அவர் சொல் அம்பலமேறவில்லை. 1915 இல் இரண்டாமிடத்திலும் துண்டுகள் கிடைத்தன என்று டோசன் கூறவே, ஐயுற்றோர் பலர் அடங்கினர். அவ்விடம் எதுவெனத் திட்டமாகச் சொல்லாமலே 1916 இல் அவர் இறந்தார். அதன்பின் வூட்வார்ட் ஆண்டுக்கணக்காக அகழ்ந்தும் ஒரு துண்டுதானும் அகப்படவில்லை.

அறிஞர் ஏமாந்தது யாதினால்? மனித வளர்ச்சியில் மூளையே முற்படப் பெருத்திருத்தல் வேண்டும் என்னும் எண்ணம் அவர்கள் உள்ளத்தில் முன்னரே குடிகொண்டிருந்தது. சிறுமூளையும் மனிதப் பல்லமைப்பும் கொண்ட ராவுங் குழந்தையின் மண்டையோட்டைத் தென்னாபிரிக்காவிலிருந்து றேமண்ட் டாட் 1925 இல் அறிவித்தபோது, அது குரங்கென்றே பலரால் ஒதுக்கப்பட்டது. பில்ற்டவுண் எலும்புகளோ நூதனசாலையிற் பூட்டப்பட்டிருந்தன; ஆராயவந்தோர் பலர்க்குக் கிடைத்தவை வார்ப்புகளே.

மண்ணிற் புதைந்த எலும்பு நிலத்தடி நீரிலுள்ள புளோரினைக் காலப்போக்கில் உட்கொள்ளும். 1949 இல் கெனெத் ஓக்லி இதனை அளந்து, அவ்வெலும்புகள் கருதப்பட்ட பழமையுடையன அல்ல என்று கண்டார். 1953 இல் அவரும் வைனர், லெ குரோ கிளாக் என்பாரும் மோசடியை வெளியிட்டனர். பற்கள் அராவப்பட்டிருந்தன, எலும்புக்குச் சாயமும் ஏற்றப்பட்டிருந்தது. தாடை ஒராங்குட்டானுடையது. இரண்டிடத்துப் பற்களும் ஒரே விலங்கினுடையனவாதல் கூடும் என்றும், செய்தவர் பெரும்பாலும் டோசன் ஒருவரே என்றும் 2016 இல் வெளியான ஆய்வு கூறுகின்றது.

டோசன் பொழுதுபோக்கு ஆராய்ச்சியாளர் என்பது மெய். ஆயின் அல்வன் மார்ஸ்ரன் யார்? பல் வைத்தியர். 1935 இல் சுவான்சுகோம் சரளைக்குழியில் மெய்யான தொன்மனித மண்டையோட்டுத் துண்டைக் கண்டெடுத்தவர் அவரே. பில்ற்டவுண் தாடை குரங்கினது என்று, நூதனசாலையார் உண்மையை வெளியிடுவதற்குப் பல்லாண்டு முன்னரே வாதாடியவரும் அவரே.