உருவப்படக் கலையும் வேலூர் இளவரசர்களும்

1749-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஆம்பூருக்கு அருகே நடந்த போரிலே ஆற்காட்டு நவாபு அன்வருத்தீன் யானைமீதிருந்தபடியே மடிந்ததும், அவர் மைந்தர் முகம்மது அலி திருச்சிராப்பள்ளிக்குத் தப்பிச் சென்று, பின்னர் ஆங்கிலேயர் தயவால் பட்டத்தை நிலைநிறுத்திக்கொண்டதும் சரித்திரம் படித்தோர் அறிந்தவை. அந்த அந்தஸ்தைச் சீமையார் மறவாதிருக்க வேண்டுமென்றோ என்னவோ, தம் உருவத்தை எண்ணெய் வர்ணத்தில் எழுதுவிப்பதிலே முகம்மது அலிக்கு அளவிறந்த பிரியம் இருந்தது. 1769-இல் சென்னப்பட்டணத்தில் வந்திறங்கிய டில்லி கெட்டிலும், அவருக்குப் பின் வந்த ஜார்ஜ் வில்லிசனும் அந்தப் பிரியத்தால் பயன் பெற்றவர்கள். கெட்டிலின் நவாபுப் படத்தில் வெண்மஸ்லின் அங்கியின் மடிப்பும் முத்துக்களின் ஒளியும் வெகு நேர்த்தி. முகம் மட்டும் நகைகளுக்கு அடங்கிப்போய்விட்டது.

இந்த ஆடம்பர மரபினும் ஒரு படி தாழ்ந்தது, இத்தேசத்தைக் கண்ணால் காணாமலே லண்டனிலிருந்து எழுதியவர்களின் மரபு. அதன் பிரதிநிதிகளாக நான் சொல்லக்கூடிய இருவருமே அமெரிக்கக் குடியேற்றங்களிற் பிறந்தவர்கள். பென்சில்வேனியாவில் 1738-இல் பிறந்து, ராயல் அகாடமியின் தலைவராகவே உயர்ந்த பெஞ்சமின் வெஸ்ட், ஷா ஆலம் கிளைவுக்குத் திவானி அளித்த காட்சியை ராஜகம்பீரமான சிம்மாசனத்தோடு எழுதினார். உண்மையிலோ கிளைவின் கூடாரத்துச் சாப்பாட்டு மேஜைமேல் ஏற்றிவைத்த நாற்காலியே அன்று சிம்மாசனமாயிற்று என்பர். அவருடைய மாணாக்கரும், பாஸ்டனில் 1761-இல் பிறந்தவருமான மேதர் பிரவுன், திப்பு சுல்தானின் மைந்தர் இருவர் காரன்வாலிசிடம் பிணையாக ஒப்புவிக்கப்பட்டதைத் தீட்டினார். அந்தச் சிறுவர்களை அவர் கண்டதேயில்லை. 1792-இல் படையோடு கூடவே சென்றிருந்த ராபர்ட் ஹோம் அதே சம்பவத்தை எழுதியபோது, கையில் படக்கட்டோடு ஓரத்தில் தம்மையும் எழுதிக்கொண்டார். அகங்காரம் என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அது சாட்சிக் கையெழுத்தாகவே படுகிறது.

ஆம்பூர் தோல்மண்டியிலே தரம் பிரிப்பவர் பளபளப்பைக் கண்டு விலை சொல்வதில்லை. தோலை மடித்து, விரலால் அழுத்தி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பின்பே பேசுவார். உருவப்படத்தையும் அவ்வாறு சோதித்தால் முன்வரிசைக்கு வருபவர் தாமஸ் ஹிக்கி. டப்ளினில் 1741-இல் பிறந்து, இத்தாலியிற் பயின்று, இந்தியாவுக்குப் புறப்பட்ட கப்பல் பகைவர் கையிற் சிக்கியதால் லிஸ்பனிலே சில ஆண்டுகள் கழித்து, 1784-இல் கல்கத்தா சேர்ந்தவர் அவர். இடையே மக்கார்ட்டினியின் தூதுக்குழுவோடு சீனாவரை சென்றும் அங்கே அதிகம் எழுதாமலே திரும்பினார். அவருடைய நற்காலம், சுமார் ஐம்பத்தேழு வயதில் சென்னை வந்த பிறகே தொடங்கிற்று. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்புவின் குடும்பத்தார் வேலூர்க் கோட்டையிலே காவலில் வைக்கப்பட்டனர். வெற்றிக் காட்சிகளைப் பெரிய திரைகளில் எழுதும் ஹிக்கியின் திட்டம் நிறைவேறவில்லை. அது நிறைவேறாமற் போனதே நன்று என்பது என் கருத்து. ஏனெனில், யுத்தகளப் புகையில் மறைந்துபோயிருக்கக்கூடிய முகங்கள், திப்புவின் மைந்தர்களையும் திவான் பூர்ணையாவையும் தனித்தனியே எழுதிய படங்களில் நமக்கு மிஞ்சின. ராஜ்யம் இழந்தவர்களை அவர் பரிதாபத்துக்குரியவர்களாகவும் காட்டவில்லை, வேடிக்கைப் பொருளாகவும் காட்டவில்லை. 1806 ஜூலை 10-ஆம் தேதி வேலூரில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததைத் தொடர்ந்து அந்த இளவரசர்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார்கள்.

முதுமையிலும் ஹிக்கியின் கண் மங்கவில்லை. 1816-இல் எழுதிய காலின் மெக்கன்சியின் படத்தில், செங்கோட்டு அணிந்த அதிகாரியைச் சூழ அவருடைய இந்திய உதவியாளர்கள் நிற்கிறார்கள். தொலைநோக்கியை ஏந்திய சேவகரின் முகத்துக்கும் எஜமானர் முகத்துக்குச் செலவழித்த கவனமே செலவழிக்கப்பட்டிருக்கிறது. எட்டு ஆண்டுகளுக்குப் பின் அவர் சென்னையிலேயே காலமானார்.

தஞ்சாவூர்ச் சித்திரக்காரர்கள் கம்பெனித் துரைகளுக்காக ஜாதி, தொழில் வாரியாக எழுதித் தந்த படங்கள் வேறு வகை. அவற்றில் உடையும் கருவியும் பிசகாது, ஆள் மட்டும் யாரோ ஒருவர். நம்மவருள் எண்ணெய் வர்ணத்தைக் கைவசப்படுத்திய ரவிவர்மா, 1868-இல் திருவிதாங்கூர் அரண்மனைக்கு வந்த தியோடர் ஜென்சன் எழுதும்போது அருகே நின்று பார்த்தே பெரும்பாலும் கற்றவர். அவருடைய தேவியர் வீட்டுக்கு வீடு அச்சுப்படமாகத் தொங்கினாலும், எதிரே ஆளை உட்காரவைத்து அவர் எழுதிய உருவப்படங்களையே நான் மேலாகச் சொல்வேன்.