ஜீனோவும் பெரட்டும்

பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர் சுஜாதா. அவருடைய 'என் இனிய இயந்திரா' ஆனந்த விகடனில் தொடராக வந்தது. கதை நடப்பது அன்றைக்கு எதிர்காலமாக இருந்த 2021-இல். எல்லாருக்கும் இரண்டெழுத்துப் பெயர்தான். பிள்ளை பெறவும் அரசு அனுமதிக்க வேண்டும்.

மலேசியாவின் ஈப்போ பக்கத்து ரப்பர் தோட்டங்களை அறிந்தவர்களுக்கு இந்த எதிர்காலம் அந்நியமாக இருக்காது. அங்கேயும் கட்டுப்பாடுதான்: விடியுமுன்னே பெரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கெடுப்புக்கு, நின்று, பேர் கூப்பிட்டதும் பால்கத்தியும் வாளியுமாகக் காட்டுக்குள் போன தலைமுறை அது. 1877-இல் கோலகங்சாரில் நட்ட ரப்பர் கன்றுகளில் தொடங்கிய வாழ்க்கை.

சுஜாதாவின் கெடுபிடி உலகத்தில் ஜீனோ என்கிற இயந்திர நாய்க்குட்டி புத்தகம் படிக்கிறது! படித்துப் படித்தே மனிதர்களைவிடத் தெளிவாக யோசிக்கிறது. கதையில் வரும் புரட்சியைவிட இந்தப் படிப்புதான் எனக்கு உசத்தி. சுஜாதாவின் முழு அன்பும் அந்தக் குட்டியிடம்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது.