பலர்மோவில் ஒரு பகலுணவு

இத்தாலிய உணவகம் ஒன்றைப் பற்றி மதிப்புரை எழுத இவருக்கு என்ன தகுதி என்று வாசக நேயர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. சிசிலித் தீவின் பலர்மோ நகருக்கு நான் சென்றது அங்குள்ள பழைய அரபுக் கல்லெழுத்துகளைக் காண்பதற்கு, உண்பதற்கு அன்று. அதற்கு முன் உரோமை நகரில் இரு வேளை உண்ட பாஸ்தா, வேகாத மாவுக் கயிறாகவே எனக்குப் பட்டது. போதாததற்குப் பன்றியும் மதுவும் எந்தத் தட்டில் ஒளிந்திருக்குமோ என்ற அச்சம். ஆதலால், 'அல் காலிஸா' என்னும் அரபுப் பெயர் மருவிக் 'கல்ஸா' என வழங்கும் பகுதியில், என் மருமகன் அழைத்துச் சென்ற சிற்றுணவகத்தில் ரொட்டியும் பழமும் போதும் என்றே அமர்ந்தேன்.

"மாமா, மத்தி மீன் பாஸ்தாவை மட்டும் ருசி பாருங்கள்" என்றார் அவர். மது சேருமா என விசாரிக்கச் சொன்னேன். பரிமாறுபவர் அடுக்களைக்குள் சென்று அழைத்து வந்தவரோ யாழ்ப்பாணத்துத் தமிழர்!

"ஐயா, வழமையா வெள்ளை வைன் கொஞ்சம் விடுறவை. உங்களுக்கு விடாமல், வேறை சட்டியிலை செய்யச் சொல்லட்டே?"

உள்ளதை மறைக்காத அந்தச் சொல்லுக்கே என் மனம் பாதி இளகிவிட்டது.

வந்த தட்டு மீதியையும் இளக்கியது. துளையுள்ள நீண்ட பாஸ்தா. அதனுடன் மத்தி, காட்டுச் சோம்புக்கீரை, உலர்ந்த திராட்சை, பைன் கொட்டை, குங்குமப்பூ. மேலே பாலாடைக்கட்டி இல்லை. எண்ணெயில் வறுத்த ரொட்டித்தூள். ஏழைகள் பாலாடைக்கட்டிக்கு ஈடாகத் தூவியதாம். மீனோடு திராட்சையா என்று முகம் சுளித்தவன், இரண்டாம் கவளத்தில் வாயடைத்துப் போனேன். மீனின் கவிச்சையைக் கீரையின் மணம் அடக்க, இனிப்பு அடியில் மெல்ல நின்றது. பாஸ்தாவின் நடுவே சற்று விறைப்பு இருந்தது. அது பதமே என்பதும், உரோமையில் நான் உண்டது பதம் தவறியது என்பதும் அப்போதுதான் விளங்கின.

உணவுப் பட்டியலின் ஓரத்தில் ஒரு கதை அச்சிட்டிருந்தார்கள். 827-இல் தீவில் இறங்கிய அரபுப் படையின் சமையற்காரர், கைக்குக் கிடைத்ததைக் கொண்டு ஆக்கியதே இவ்வுணவாம். படிக்க இனிக்கிறது, நம்ப இயலவில்லை. இத்தகைய கதைகளைக் கேட்டதும் மார்தட்டிக்கொள்வது நம்மவரின் வழக்கம். அதனாலேயே இதைச் சொல்கிறேன். கதையினும் சொற்கள் நல்ல சாட்சிகள். குங்குமப்பூவுக்கு அவர்கள் சொல்லும் 'ஸாஃபரானோ' நம் ஸஃபரான். அங்குள்ள ஒரு திராட்சை வகையான 'ஸிபிப்போ' நம் ஸபீப். புவியியல் அறிஞர் அல் இத்ரீஸி, நார்மானிய மன்னர் இரண்டாம் ரோஜருக்காக 1154-இல் முடித்த நூலில், பலர்மோவுக்குக் கிழக்கேயுள்ள திராபியாவில் 'இத்ரிய்யா' என்னும் மாவிழை மிகுதியாகச் செய்யப்பட்டு, முஸ்லிம் நாடுகளுக்கும் கிறித்தவ நாடுகளுக்கும் கப்பலேறியதைப் பதிவு செய்திருக்கிறார். பாஸ்தாவை அரபியரே கண்டுபிடித்தனர் என்பதற்கு இது சான்றாகாது. அத்தீவில் அது பழைய தொழில் என்பதற்குச் சான்றாகும், அவ்வளவே.

குறை இல்லாமல் இல்லை. கத்தரிக்காயைக் காடியில் புரட்டிய 'கப்போனாத்தா'வில் புளிப்பு மிஞ்சியிருந்தது. இறுதியில் வந்த 'கஸ்ஸாத்தா' என்னும் இனிப்பை இரண்டு கரண்டிக்கு மேல் உண்ண இயலவில்லை. நம்மூர்க் கல்யாண வீட்டு இனிப்பும் தோற்கும். காத்திருந்த நேரமோ முக்கால் மணிக்கும் மேல். வேறு சட்டி கேட்டவன் நான். ஆகவே அதைக் குறையெனச் சொல்ல வாயில்லை.

மறுநாளும் சென்றோம். திங்கட்கிழமை, கதவு பூட்டியிருந்தது.